மூன்று மாடி ஏற்றுக்கூலி

அத்தியாயம் 6

அந்த வீட்டில் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு துரும்புகூட இல்லை.

"சோபா?" என்றார் கோர்ட் அமீனா.

"மனைவி பேர்ல பில் இருக்கு."

"டிவி?"

"மனைவி."

"ஃபிரிட்ஜ்?"

"அதுவும் மனைவி." வீட்டுக்காரர் கையில் இருந்த கோப்பைப் புரட்டினார். ஒவ்வொரு பில்லும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தட்டிக் காட்டினார். "நல்லா பாத்துக்குங்க. என் பேர் எங்கயாவது இருக்கா?"

அமீனா குனிந்து பார்த்தார். நீதிமன்றத் தீர்ப்பை மதிக்காதவர்கள் வீட்டில் ஜப்தி செய்ய முப்பது வருடமாகப் படியேறுகிறவர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. வலது முழங்கால் மட்டும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது.

வாசல் சுவரோடு ஒட்டி நின்ற பல்லி நாக்கைத் தட்டினான். "ச்சு." சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பதாலும், நடுநடுவே இப்படிச் சத்தம் கொடுப்பதாலும் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்" என்றான். "அந்த மூக்குக் கண்ணாடி யார் பேர்ல இருக்கு?"

"மாமனார் வாங்கிக் குடுத்தது."

சொல்லும்போது வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் பல்லிக்குப் புரிந்தது.

வேறு இரண்டு விஷயங்களையும் அவன் பார்த்து வைத்தான். ஒன்று, வந்து நாற்பது நிமிடம் ஆகியும் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட உட்காரவில்லை. சட்டைக்குள் யாரோ பலகை வைத்துக் கட்டியது போல விறைப்பாக நின்றார். இரண்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அவர் மனைவி. 'எல்லாம் அவ பேர்ல' என்று கணவர் சொன்னபோது, அந்த அம்மாள் சோபாவை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மணி ரெண்டரை" என்றார் வீட்டுக்காரர் கோப்பை மூடியபடி. "வாரன்ட் அஞ்சு மணி வரைக்கும்தானே? வெயில்ல அலையாதீங்க. பாத்துப் போங்க."

தெருமுனையில் நின்ற பழைய காரில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆம்புலன்ஸ் டிரைவர். இன்று லீவு போட்டிருந்தார். பின்சீட்டில், மடி நிறைய கேஸ் கட்டோடு டைப்பிஸ்டம்மா. இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் தீர்ப்பு டைப் அடித்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஓடிப்போன கடன்காரன், ஒளித்து வைத்த சொத்து, காணாமல் போன சாட்சி என்று எதையும் தேடிக் கொடுப்பார். பல்லி அவருடைய ஒரே சிப்பந்தி.

"என்னடா?" என்றார்.

"அக்கா, அந்த ஆளு மூச்சு விடறதுகூட மாமனார் கணக்குலதான் விடறாரு."

ஆம்புலன்ஸ் டிரைவர் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கதை பெரிய கதை இல்லை. வீட்டுக்காரரின் தரைத்தள வீட்டில் அப்பாவோடு ஆறு வருடம் குடியிருந்தார். பதினோரு மாதத்துக்கு முன்னால் காலி செய்தார். சுவரில் நாற்பத்திரண்டு ஆணி ஓட்டை என்று சொல்லி வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கொடுக்கவில்லை. வழக்கு நடந்தது. ஓட்டைகளை அடைத்து வெள்ளையடித்த போட்டோவைப் பார்த்த நீதிபதி, முழுப் பணத்தையும் செலவோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதற்குள் அந்த வீடு மனைவி பெயருக்குப் போயிருந்தது. வங்கிக் கணக்கில் பூச்சியம்.

அட்வான்ஸ் கொடுக்கப் பணமில்லாத டிரைவருக்கு, கூட வேலை பார்ப்பவர் தன் நான்காவது மாடி அறையைக் கொடுத்தார். லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மகன் முதுகில் ஏறி மேலே போனவர் பதினோரு மாதமாகக் கீழே இறங்கவில்லை. அவருடைய சக்கர நாற்காலி, வீடு மாற்றிய அன்று பழைய வீட்டு வாசலில் வைத்த இடத்திலிருந்து மாயமாகிவிட்டது. 'நான் பார்க்கவே இல்லையே' என்றார் வீட்டுக்காரர்.

இப்போது ஒரு தரைத்தள வீடு கிடைத்திருந்தது. அட்வான்ஸ் கொடுக்க இன்று ஆறு மணி வரை கெடு. ஆறு அடித்தால் அடுத்த ஆளுக்கு.

"போன தடவை அப்பாவுக்குக் காய்ச்சல்" என்றார் டிரைவர். "நான் டியூட்டில இருந்தேன். நாலு மாடி இறக்க ஆள் இல்ல. ஊர்ல இருக்கிற நோயாளியையெல்லாம் நான் இறக்கறேன். எங்கப்பாவ இறக்க ஆள் இல்ல." மறுபடியும் தெருவைப் பார்த்தார்.

டைப்பிஸ்டம்மா கட்டைப் பிரித்தார். "அந்த ஆளு கோர்ட்ல குடுத்த பில்லு ரெண்டு இருக்கு. வீட்டைச் சரி பண்ணினதுக்குன்னு குடுத்தது. ஜட்ஜ் தள்ளிட்டாரு, அதோட யாரும் படிக்கல. பல்லி, நீ படி."

பல்லி வாங்கிப் படித்தான். "பெயிண்ட், வெளிர் பச்சை, நாற்பது லிட்டர். பூட்டு, ஒன்பது. எண் 401 முதல் 409 வரை." நிமிர்ந்தான். "அண்ணே, உங்க வீட்ல எத்தனை கதவு?"

"ரெண்டு" என்றார் டிரைவர். "சுவரும் வெள்ளைதான்."

"ரெண்டு கதவுக்கு ஒன்பது பூட்டு. கதவுக்கே மூச்சு முட்டியிருக்குமே! இது பொய் பில்லு, அக்கா."

"பொய் பில்லா இருந்தா ரெண்டு பூட்டுன்னு எழுதியிருப்பான். கடைசி வரியைப் படி."

பெயிண்ட் பில்லின் அடியில், பேனாவால் ஒரு வரி. ஏற்றுக்கூலி, மூன்று மாடி.



"தரைத்தள வீட்டுக்குப் போன பெயிண்ட்" என்றார் டைப்பிஸ்டம்மா, "எதுக்கு மூணு மாடி ஏறிச்சு?"

"வேற கட்டடம்!" என்றான் பல்லி. "அந்த பில்லை எடுத்து இவர் தலையில கட்டியிருக்கான். பொய் பில் அடிக்கற செலவுக்குக்கூட மனசு வரல!"

அமீனா மட்டும் தலையை ஆட்டினார். "அம்மா, அந்தக் கட்டடமும் பொண்டாட்டி பேர்லதான் இருக்கும். நான் கை வைக்க முடியாது."

"முதல்ல கட்டடத்தைப் பாப்போம் சார். கை வைக்கிற இடம் அப்புறம் கிடைக்கும்."

டிரைவர் வண்டியை எடுத்தார். சைரன் இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். இரண்டு லாரிக்கு நடுவே கார் நூல் போல நுழைந்தது. பெயிண்ட் கடை வாசலில் நின்றபோது அமீனா கண்ணைத் திறந்தார்.

"அண்ணே, எங்கள யாரும் ஆஸ்பத்திரில சேர்க்கச் சொல்லல" என்றான் பல்லி.

கடைக்காரருக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் வாசலில் டின் இறக்கிக்கொண்டிருந்த சுமைகூலி ஆள் பில்லைப் பார்த்ததும் டின்னைக் கீழே வைத்தார்.

"இந்த ஆளா? மறப்பனா? மூணு மாடி ஏத்துனேன். தரையை மாடியில சேர்க்காத, ரெண்டு மாடிக் கூலிதான் தருவேன்னு ஒரு மணி நேரம் சண்டை. மூணாவது மாடியில நிக்க வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக் காட்டினேன். அப்புறமும், பில்லுல எழுதித் தந்தாதான் காசுன்னான்."

"அவனே எழுதச் சொன்னானா?" என்றார் டைப்பிஸ்டம்மா.

"அவனேதான்."

டைப்பிஸ்டம்மா அந்த வரியை விரலால் தடவினார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு சின்ன மலர்ச்சி தெரிந்தது.

"இடம் எங்க?" என்றான் பல்லி.

"பஸ் டிப்போ பின்னாடி, ஐஸ் ஃபேக்டரிய ஒட்டி. இரும்புப் படி. ரெண்டாவது மாடி திரும்பறப்ப ஒரு படி ஆடும், பாத்து வைங்க."

மணி மூன்று ஐம்பத்தைந்து.

படி ஆடியது. சுவர் வெளிர் பச்சை.

தளத்துக்கு இரண்டாக எட்டு அறை. ஒவ்வொன்றிலும் ஒரு குடித்தனம். கதவுகளில் தொங்கிய பூட்டுகளைப் பல்லி ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தான். 401. 402. மூன்றாவது மாடியில் 408-ஓடு கதவு தீர்ந்துவிட்டது.

"அக்கா, எட்டுக் கதவு. ஒன்பதாவது பூட்டு எங்க?"

அவனே மொட்டைமாடிக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரும்புக் கொண்டி. அதில் 409.

அமீனா முழங்காலைப் பிடித்தபடி கடைசியாக வந்து சேர்ந்தார். "சரி. பூட்டு கிடைச்சுது. அதுக்கென்ன?"

டைப்பிஸ்டம்மா கட்டிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "வீட்டுக்காரர் பில்லோட சேர்த்துக் குடுத்த சத்தியப் பிரமாணம். மூணாவது பத்தி. 'மேற்படி ஒன்பது பூட்டுகளும் என் சொந்தப் பணத்தில் வாங்கப்பட்டு இன்றளவும் என் உடைமையாக உள்ளன.' கையெழுத்து இருக்கு. அந்த வீட்ல மூக்குக் கண்ணாடி வரைக்கும் அடுத்தவங்க பேர்ல வச்ச மனுசன், இந்த ஒன்பதை மட்டும் தன்னோடதுன்னு சத்தியம் பண்ணிருக்கார். இந்தப் பூட்டை எடுத்தா இந்தக் கதவும் திறக்கும்."

அமீனா தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "பூட்டு அசையும் சொத்துதான்" என்றார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது. "ஜப்தி."

இரண்டாவது மாடியில் குடியிருந்த பேக்கரிக்காரம்மா சத்தம் கேட்டு மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "வீட்டுக்காரருக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

"தாராளமா சொல்லுங்க" என்றார் டைப்பிஸ்டம்மா.

நான்கு முப்பத்தைந்துக்கு இரும்புப் படி தடதடத்தது. வீட்டுக்காரர் வியர்வையோடு வந்தார். வந்தவர் எல்லோரையும் விட்டுவிட்டு அந்தக் கதவைத்தான் முதலில் பார்த்தார். பல்லி அதையும் பார்த்து வைத்தான்.

"இது என் மனைவி கட்டடம்! எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

"கட்டடத்தை யார் கேட்டா?" என்றார் அமீனா. "பூட்டைத்தான் கேக்கறேன். சாவி குடுங்க."

"பூட்டும் அவளோடது!"

டைப்பிஸ்டம்மா மூன்றாவது பத்தியை நிதானமாக, டைப் அடிக்கும் வேகத்தில் படித்தார்.

"உங்களோடது இல்லைன்னா கோர்ட்ல சொன்னது பொய்ச் சத்தியம்" என்றார் டைப்பிஸ்டம்மா. "எது வசதி, நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நாற்பது. மெல்ல அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"சரி, பூட்டு என்னோடதுதான். சாவி வீட்ல இருக்கு. எடுத்துட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும்."

"உடைச்சிடுவோம்" என்றான் பல்லி.

"ஜப்திப் பொருளை உடைக்கக் கூடாது தம்பி. அமீனா சாருக்குத் தெரியும்."

அமீனா பேனாவைப் பார்த்தார். தெரியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்போ கொண்டியோட திருகாணியைக் கழட்டினா பூட்டு முழுசா வந்துடும்" என்றான் பல்லி.

"கொண்டி கதவோடது. கதவு கட்டடத்தோடது. கட்டடம் என் மனைவியோடது." வீட்டுக்காரர் இப்போது சிரித்தார். "அவ பேர் வாரன்ட்ல இல்ல. ஒரு திருகாணி தொட்டாலும் கேஸ் போடுவா."

பல்லிக்கு வாய் வரை வந்த ஜோக் அங்கேயே காய்ந்துவிட்டது. நான்கு நாற்பத்து மூன்று. டிரைவர் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல ஒன்றோடொன்று பிடித்திருந்தார். படிகளில் குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள்.

"மனைவி அனுமதி குடுத்தா?" என்றார் டைப்பிஸ்டம்மா.

"குடுக்க மாட்டா."

"கேட்டீங்களா?"

"கேக்க வேண்டியதே இல்ல. நான் சொல்ற இடத்துல கையெழுத்துப் போடுவா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்."

'சோபாவை அப்படிப் பார்த்தாங்களே' என்ற நினைப்பு பல்லிக்குச் சுரீர் என்று வந்தது. "அக்கா!" என்றான். "அந்தம்மாவுக்குத் தெரியாது! எதுவுமே தெரியாது!"

டைப்பிஸ்டம்மா ஏற்கெனவே கேஸ் கட்டின் முதல் பக்கத்தைப் பார்த்து அந்த வீட்டுப் போன் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து நீட்டினார்.

"அம்மா, மதியம் தண்ணி குடுத்தீங்களே, அவங்ககூட வந்தவ பேசறேன். பஸ் டிப்போ பின்னாடி இருக்கிற உங்க கட்டடத்துல நிக்கறோம்."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"எந்தக் கட்டடம்?"

"போனைக் கட் பண்ணு!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"அவரும் அங்கதான் இருக்காரா?" என்றது குரல். "என் பேர்லயா? எத்தனை மாடி?"

"மூணு மாடிங்க. எட்டுக் குடித்தனம்" என்றான் பல்லி. "ஒரு படி ஆடுது, அது மட்டும்தான் குறை."

"எட்டா…" குரல் மெல்ல இறங்கி, பிறகு நேராக நிமிர்ந்தது. "மாசாமாசம் காய்கறிக்கு அவர்கிட்ட கை நீட்டறேன். எதுக்குன்னு கேட்டு எழுதி வச்சுட்டுதான் தருவார். எட்டுக் குடித்தனமா?"

"அம்மா" என்றார் டைப்பிஸ்டம்மா. "மொட்டைமாடி ரூம்ல ஒரு கொண்டியைக் கழட்டணும். உங்க கதவு. நீங்க சொன்னாத்தான் முடியும்."

"கழட்டுங்க" என்றது குரல். "நான் சொல்றேன். கழட்டிப் பாத்துட்டு உள்ள என்ன இருக்குன்னும் எனக்குச் சொல்லுங்க."

பேக்கரிக்காரம்மா எங்கிருந்தோ ஒரு திருப்புளியை நீட்டினார். நான்கு திருகாணி. மூன்று சுலபமாக வந்தன. நான்காவது துருவேறி அசைய மறுத்தது. பல்லி முழு உடம்பையும் சாய்த்துத் திருகினான். வீட்டுக்காரர் குறுக்கே வரப் பார்த்தார். அமீனா முழங்காலை மறந்து நடுவில் நின்றார். "கோர்ட் வேலை. ஒரு அடி வச்சா தடுத்தீங்கன்னு ரிப்போர்ட்ல எழுதுவேன்."

கொண்டி பூட்டோடு கையில் வந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே மிக்ஸி, ஃபேன், மேஜை விளக்கு, ஒரு தையல் மிஷின். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு அட்டை. "அது போன மாசம் காலி பண்ணிட்டுப் போனாளே, அந்தப் பொண்ணோடது!" என்றார் பேக்கரிக்காரம்மா. "திருடு போச்சுன்னு அழுதாளே!" படியில் முணுமுணுப்பு எழுந்தது.

டிரைவர் யாரையும் பார்க்கவில்லை. மூலைக்குப் போனார். மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியை வெளியே தூக்கி வந்து விரித்தார். ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அது சுற்றி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்க்கவே இல்லையேன்னு சொன்னீங்க" என்றார். சத்தமே போடவில்லை. வீட்டுக்காரர் ஓரடி பின்னால் போனார்.

போன் இன்னும் உயிரோடு இருந்தது. "என்ன இருக்கு?" என்று கேட்டது.

பல்லி ஒன்று விடாமல் சொன்னான். நாற்காலியைச் சொல்லும்போது மட்டும் 'ச்சு' கொட்டவில்லை.

"அவர்கிட்ட சொல்லுங்க" என்றது குரல். "வீடு என்னோடது, சோபா என்னோடது, கட்டில் என்னோடது. அந்தத் தம்பி பணத்தைக் குடுத்துட்டு வந்தா உள்ள விடறேன். இல்லாட்டா வர வேணாம். அப்புறம் அந்தக் குடித்தனக்காரங்ககிட்டயும் சொல்லுங்க. இனி வாடகை என் கையில."

நான்கு ஐம்பத்து நான்கு.

வீட்டுக்காரர் மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்தார். படி முழுக்க ஆட்கள். பிறகு சட்டையைத் தூக்கினார். இடுப்பைச் சுற்றி, தடித்த கான்வாஸ் பெல்ட். அதில் வரிசையாகப் பைகள்.

"அதான் சோபாவுல உட்காரலையா!" என்றான் பல்லி. "வங்கிய வயித்துல கட்டிக்கிட்டு யார் உட்காருவா!"

பணம் எண்ணப்பட்டது. அமீனா ரசீது எழுதினார். நேரம் என்ற இடத்தில் நான்கு ஐம்பத்தெட்டு என்று போட்டார்.

"பூட்டை என்ன பண்றது?" என்றான் பல்லி.

"பணம் வந்துடுச்சு. திருப்பிக் குடுக்கணும்" என்றார் அமீனா. வீட்டுக்காரரின் உள்ளங்கையில் அதை வைத்தார். "சத்தியம் பண்ணினது. பத்திரமா வச்சுக்குங்க."

ஐந்து ஐம்பதுக்குப் புது வீட்டுச் சாவி டிரைவர் கையில் இருந்தது. ஆறேகாலுக்கு, நான்காவது மாடியிலிருந்து அவர் அப்பாவை முதுகில் சுமந்து இறங்கினார். பல்லி நாற்காலியோடு கீழே காத்திருந்தான்.

உட்கார வைத்ததும் பெரியவர் கைப்பிடியில் தொங்கிய அட்டையைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனார். வீட்டுக்காரரின் கையெழுத்து. 'சக்கர நாற்காலி ஒன்று. பழசு. தேய்மானம் கழிக்க.'

"என்னையும் சேர்த்துத்தான் எழுதிருக்கான்" என்று சொல்லி அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி அந்தப் பக்கம் நிக்குதுப்பா. புது வீட்டுக்குப் போலாமா?" என்றார் டிரைவர்.

பெரியவர் தலையைத் திருப்பினார். பதினோரு மாதமாக மேலிருந்து பார்த்த தெருவை அதன் உயரத்திலேயே பார்த்தார். செருப்புக் கடை. சைக்கிள் நிறுத்தம். எதிரே வந்த ஒரு நாய் நாற்காலியை முகர்ந்துவிட்டுப் போனது.

"வீடு எங்கடா ஓடிப் போகுது" என்றார். "கொஞ்ச தூரம் இப்படியே தள்ளு."